சகலையின் பின்சக்கரங்கள்

மனிதன் யாரைப் பார்த்து வேண்டுமானாலும் பொறாமைப்படலாம். பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் படலாம். வீட்டை மாற்றினால் அவன் ஒழிந்தான். கூடப் படித்தவனைப் பார்த்துப் படலாம். போன் நம்பரை அழித்தால் அவனும் ஒழிந்தான். சகலை மட்டும் ஒழியமாட்டான். ஒரே மாமனாரின் இரண்டு பெண்களைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக, முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் ஆயுள் முழுக்க ஒரே தராசின் எதிரெதிர்த் தட்டுகளில் உட்கார்த்திவைக்கப்படுகிறார்கள். ஒருவன் கனத்தால் மற்றவன் மேலே போவான் என்பது கடைத் தராசின் விதி. மாமனார் வீட்டுத் தராசில் ஒருவன் கனத்தால் மற்றவன் காணாமலே போய்விடுவான்.

நூலார் அப்படிக் காணாமல் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

நூலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டயர் மாற்றி, சக்கரங்களை நேர்செய்து கொடுக்கும் கடை அவருடையது. அலைன்மென்ட் பார்க்கக் கம்ப்யூட்டர் வைத்த இயந்திரங்கள் வருவதற்கு முன்னால், பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரைக்கும் ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "அரை நூல் வெளிய நிக்குது" என்று அவர் சொன்னால் அது அரை நூல்தான், முக்கால் ஆகாது. அப்படி வந்த பட்டம். பிறகு அவரும் இயந்திரம் வாங்கினார். ஆனால் இயந்திரம் சொன்னதை நூல் கட்டிச் சரிபார்க்காமல் வண்டியை இறக்கமாட்டார். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் எல்லாம் இயந்திரத்தின் மேல்தான் தப்பு.

ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்த எத்தனையோ வண்டிகள் அவர் கைபட்டு நேராகப் போயிருக்கின்றன. அவர் மனசு மட்டும் பதினோரு வருடமாகச் சகலை இருக்கும் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு எந்தக் கடையிலும் அலைன்மென்ட் கிடையாது.

இங்கே அவருடைய தொழில் அகராதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டயர் வாங்க வருகிறவர்கள் எதை எதையோ விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: "ஓடுமா?" இருபத்திரண்டு வருடத் தொழிலில் நூலார் இதற்கு மூன்றே பதில் வைத்திருந்தார். "தாராளமா ஓடும்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். "ஓட்டிக்கலாம்" என்றால் வேறு வழியில்லை, பார்த்துப் பதமாகப் போ என்று பொருள். முன்னும் பின்னும் ஒட்டு எதுவும் இல்லாத வெறும் "ஓடும்" இருக்கிறதே, அதுதான் ஆபத்தானது. டயர் ஓடும், நீ எங்கே போய்ச் சேருவாய் என்பது உன் தலையெழுத்து. "ஓடாது" என்ற நாலாவது சொல் அந்தக் கடைச்சுவர்கள் கேட்டறியாதது. கடை வைத்திருப்பவன் வாயில் வரக்கூடிய சொல்லா அது?

இந்த அகராதி வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். ஒருவர் நூலார். இன்னொருவர் ஜாக்கி, நூலாரின் வயதுதான், கடை திறந்த நாள் முதல் கூட வேலை பார்ப்பவர், வண்டிகளைத் தூக்கி நிறுத்துவதால் அந்தப் பெயர். மூன்றாவது ஆள் நூலாரின் மனைவி. அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக அந்த அம்மாளின் சமையலுக்கும் நூலாரிடம் அதே மூன்று பதில்கள்தான்.

இனிச் சகலை. அவன் பல்செட்டு செய்யும் கூடம் வைத்திருந்தான். ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் சிரிப்பது அவன் தயவில். அடுத்தவர் சிரிப்பில் பிழைப்பவன், தானும் சிரித்துக்கொண்டே இருப்பான். அதிலும் முப்பத்திரண்டும் அவனுக்குச் சொந்தப் பல் என்பதை நூலாரால் ஜீரணிக்க முடியவில்லை. ('அவர்' என்று எழுதலாம்தான். ஆனால் கதை நூலார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லப்படுவதால், மரியாதை விஷயத்தில் நூலாரின் கை மீறிப் போக முடியாது.)

அப்படிப்பட்டவன் ஒரு நாள் மாமனார் வீட்டு வாசலில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். பன்னிரண்டு வயதான வண்டி, இரண்டு கை மாறி வந்தது. இருந்தாலும் என்ன? இரண்டே சீட்டு, பொத்தானை அமுக்கினால் மடிந்து உள்ளே போகும் கூரை, குனிந்து தேடினால்தான் கைக்கு அகப்படும் கதவு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு நாய் நூலாரின் டயர் வேனைக் கண்டால் தெருமுனையிலேயே வரவேற்றுக் குரைப்பது வழக்கம். அது கூட அந்தக் காரின் பக்கத்தில் வந்து, படுக்கலாமா என்று அனுமதி கேட்பதுபோல நின்றது.

"ரெண்டு சீட்டுன்னா அது காரா? கதவு வச்ச ஸ்கூட்டர்," என்றார் நூலார்.

நல்ல நகைச்சுவைதான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நிமிஷம் சகலை, "மூணாவது சீட்டு இருந்தா மூணாவது மனுஷன் வருவான் மாமா, அதான் தூக்கிட்டாங்க," என்றான். மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நூலாரின் மனைவி காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "நல்லா இருக்குல்லங்க?" என்றாள். பத்தொன்பது வருடமாக ரப்பர் வாடையடிக்கும் வேனில், பின்னால் உருளும் டயர்களுக்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே ஊர் சுற்றியவள். அந்தக் கேள்வியின் நடுவில் இருந்த 'ல்ல' இரண்டு மாதமாக நூலாரின் நெஞ்சில் ஆணியாக நின்றது. டயரில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம்.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை மதியம் அந்தச் சிவப்பு வண்டி கடைக்குள்ளேயே வந்து நின்றது.

"அண்ணே! வண்டி ரெண்டு மாசமா அனாதையாத் திரியுது. உங்க கை ஒரு தடவை படட்டும்," என்று சிரித்துக்கொண்டே இறங்கினான் சகலை.

நூலார் குனிந்து பார்த்தார். முன்டயர்கள் இரண்டும் பழைய சொந்தக்காரன் புதிதாகப் போட்டுவிட்டுப் போனவை. ஓட்டப் பந்தயத்துக்காரன் செருப்பு மாதிரி மிருதுவான ரப்பர்; ரோட்டை முத்தம் கொடுத்துப் பிடிக்கும் ஜாதி. பின்டயர்கள் மாமனாரின் தலைக்குப் போட்டி.

"பின்னாடி ரெண்டும் மொட்டை," என்றார். சொல்லும்போது உள்ளே ஒரு குளுமை பரவியது.

"தெரியும்ணே. அதுக்குத்தான் வந்தேன். மாத்திடுங்க."

"முன்னாடி இருக்கிற கம்பெனியிலேயே பின்னாடிக்கு வேணும்னா மூணு வாரம் ஆகும். இந்த வண்டிக்குப் பின்னாடி அகலம் ஜாஸ்தி, முன்டயரைப் பின்னாடி போட முடியாது. சொல்லித்தான் வரவழைக்கணும்."

"மூணு வாரமா! ஞாயித்துக்கிழமைக்கு வண்டி வேணுமேண்ணே."

"அப்படி என்ன அவசரம்?"

"சும்மா, ஒரு சின்ன ரவுண்டு." பற்கள் முப்பத்திரண்டும் வெளியே வந்து போயின. "வேற கம்பெனி எதுவும் இல்லியா?"

இருந்தது. கடையின் பரணில், பின்னால் போடக்கூடிய அகலத்தில் ஒரு ஜோடி மூன்று வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் வரவழைக்கச் சொல்லிவிட்டு, வண்டியை விற்றுவிட்டுக் காணாமல் போனார். நாளெல்லாம் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவர்களுக்காகச் செய்த கெட்டி ரப்பர். தேயாது; அதேபோல ஈர ரோட்டைப் பிடிக்கவும் செய்யாது. மூன்று வருடத்துப் பரண் வெக்கை அதை இன்னும் கெட்டியாக்கியிருந்தது. அதுவும் வேறு கம்பெனி, வேறு குணம்.

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் நூலாரின் புகழ்பெற்ற பிரசங்கம் தொடங்கியிருக்கும். முன்னால் ஒரு கம்பெனி பின்னால் ஒரு கம்பெனி என்று கலப்பது பற்றி அவர் பத்து நிமிஷத்துக்குக் குறைத்துப் பேசியதில்லை. அதன் சாரம் இதுதான்: முன்டயர் நன்றாகப் பிடித்து, பின்டயர் பிடிக்காவிட்டால், ஈரத்தில் ஒரு வளைவில் திருப்பும்போது வண்டியின் மூக்கு சொன்னபடி கேட்கும், வால் கேட்காது. வால் முந்திக்கொண்டு வரும். வண்டி சுழன்று, வந்த வழியையே திரும்பிப் பார்க்கும். ஆகையால் நாலும் ஒரே ஜாதியாகப் போடு. முடியாவிட்டால் நன்றாகப் பிடிக்கிற ஜோடியைப் பின்னால் போடு. இதைச் சொல்லி எத்தனையோ பேரை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். பலர் அடுத்த கடையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பிரசங்கத்தின் முதல் வரியைக் கேட்டதும் ஜாக்கி டீ வாங்கக் கிளம்புவது வழக்கம். திரும்பிவரும்போது சரியாக முடிந்திருக்கும். அன்றைக்கு முதல் வரி வரும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே போய்விட்டுத் திரும்பினார். கடை அமைதியாக இருந்தது.

"முடிஞ்சிருச்சா மொதலாளி?"

"எது?"

"அதான்... நீங்க வழக்கமா..."

"போய் வண்டியைத் தூக்கு."

பரணிலிருந்து இறங்கிய டயரைச் சகலை தட்டி, அதன் மேல் இருந்த வெட்டுகளில் விரலை விட்டுப் பார்த்தான். "பட்டன் எல்லாம் நல்லா ஆழமா இருக்கு. ஓடுமாண்ணே?"

நூலாரின் தொண்டைவரை பத்து நிமிஷப் பிரசங்கமும் வந்து வரிசையில் நின்றது. அந்த நேரம் பார்த்துச் சகலை காரின் கூரைமேல் அன்போடு ஒரு தட்டுத் தட்டினான். அந்தத் தட்டலில் ஒரு 'ல்ல' கேட்டது.

"ஓடும்," என்றார் நூலார்.

ஜாக்கியின் கையில் டீ தளும்பிக் கொட்டியது.

நூலாருக்கு நியாயம் செய்தாக வேண்டும். சகலைக்கு ஒரு கீறல்கூட விழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் கேட்டது மிகவும் சின்ன விஷயம். எங்காவது ஒரு திருப்பத்தில் அந்தச் சிவப்பு வால் ஒரு சாண் ஆடினால் போதும். யாராவது பார்க்க ஆடினால் நல்லது. மாமனார் பார்க்க ஆடினால் இன்னும் விசேஷம். மற்றபடி தாம் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதை மனசாட்சியின் முன்னால் அவர் பலமுறை வாதாடி நிரூபித்தார். 'ஓடும்' என்றேன். ஓடுகிறதா இல்லையா? ஓடுகிறது. வழக்கு தள்ளுபடி.

இதில் வேடிக்கை, வேலையில் மட்டும் அவரால் துரோகம் செய்ய முடியவில்லை. பேலன்சிங்கை இரண்டு முறை பார்த்தார். இயந்திரம் சரி என்ற பிறகும் நூலைக் கட்டி, கால் நூல் பிசகைக் கண்டுபிடித்து எடுத்தார். தப்பான டயரை இவ்வளவு சரியாக மாட்டியவர் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

"மொதலாளி, மனசுல பட்டதைச் சொல்லட்டுமா?" என்றார் ஜாக்கி.

"மனசுல பட்டதை மனசுலயே வை. சக்கரத்துல எதுனா பட்டிருந்தா சொல்லு."

"சக்கரத்துலதான் பட்டிருக்கு."

நூலார் நூலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வெயில் கொளுத்தியது. காய்ந்த ரோட்டில் எந்த டயரும் யோக்கியன்தான். சகலை தினம் ஒரு தடவை போன் செய்தான். "பட்டு மாதிரிப் போகுதுண்ணே! கையை விட்டாலும் கோடு போட்ட மாதிரி நேராப் போகுது. உங்க கையே கை!" பாராட்டைக் கேட்டு இவ்வளவு வேதனைப்பட்ட தொழிலாளி இருக்கமாட்டான். நூலார் கடைவாசலில் நின்று, விதைத்துவிட்டுக் காத்திருப்பவனைப்போல மணிக்கு ஒரு முறை வானத்தைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் கேட்டுக்கொண்டது. குடும்பம் முழுக்க மாமனார் வீட்டில் கூடியிருந்தது. கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் மேம்பாலம். அதில் ஏறும் வழி நத்தை ஓடு மாதிரி வட்டமாகச் சுழன்று போகும். சகலை முதல் சுற்றுக்கு மாமனாரை ஏற்றிக்கொண்டு போனான். பத்து நிமிஷத்தில் திரும்பினார்கள். மாமனாரின் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் நிமிர்ந்து நின்றன.

"நாப்பது வயசு குறைஞ்சிருச்சு மாப்பிள்ளை!" என்று கூவினார்.

நாற்பது குறைந்தால் பெண்களே பிறந்திருக்கமாட்டார்கள், எவ்வளவு நிம்மதி என்று நூலார் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சகலை திரும்பினான்.

"அக்கா, வாங்க. அடுத்த ரவுண்டு உங்களுக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன்ல?"

நூலாரின் மனைவி வெட்கத்தோடு எழுந்தாள். கையில் தயாராக ஒரு ஸ்கார்ஃப். தலையில் கட்டிக்கொள்ளப் புதிதாக வாங்கியிருக்கிறாள். எப்போது வாங்கினாள் என்பது அவருக்குத் தெரியாது. சும்மா ஒரு சின்ன ரவுண்டு. அது இந்த ரவுண்டா?

முதல் துளி நூலாரின் மூக்கில் விழுந்தது.

"மழை வருது. இன்னொரு நாள் போலாமே," என்றார்.

"மழைக்குக் கூரை போட்டுக்கலாம்ணே."

"இல்ல... சீட்டு ரொம்பத் தாழ்வு. உனக்கு இடுப்பு வலி இருக்கே."

"எனக்கு எப்பங்க இடுப்பு வலி?" என்றாள் மனைவி, காருக்குள் இறங்கிக்கொண்டே. "வேன்ல ஏறி இறங்குனா வரும். இது சொகமா இருக்கு."

"இல்ல, பாலத்துல இன்னைக்குக் கூட்டமா இருக்கும்..."

சகலையின் மனைவியான மச்சினி கைகொட்டிச் சிரித்தாள். "அத்தானுக்கு வயிறு எரியுதுக்கா! மழை பெய்யட்டும், அப்பவாவது அணையுதா பாப்போம்!"

மாமனார் சிரித்தார். சகலை சிரித்தான். நூலாருக்கு அப்போதுதான் தம் நிலைமை முழுசாகப் புரிந்தது. இரண்டு மாதமாக அந்தக் காரைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொறாமை. இன்று முதல்முறையாக உண்மையைச் சொல்ல வருகிறார்; அதுவும் பொறாமையின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. நம்புவார் யார்? நம்ப வைக்க வேண்டுமென்றால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, தெரிந்தே தப்பான வேலை செய்து ஒரு வண்டியைக் கடையிலிருந்து இறக்கினேன் என்று. அதுவும் சகலை முன்னால். அதுவும் மாமனார் முன்னால்.

பேசாமல் இருந்தால் பெயர் மிஞ்சும். கூடவே ஈரமான வட்டப் பாதையும், காருக்குள் தம் மனைவியும் மிஞ்சுவார்கள்.

மழை தூறலைத் தாண்டிவிட்டது. கூரை மேலேறி மூடிக்கொண்டது. மனைவி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"ஏங்க, டயர் நீங்கதானே போட்டீங்க? ஓடுமா?"

அகராதி தெரிந்தவள் கேட்கிறாள். வெறும் 'ஓடும்' என்றால் அவளுக்கு அர்த்தம் தெரியும். 'தாராளமா' என்றால் அவள் நம்புவாள், நம்பிப் போவாள்.

"ஓடாது," என்றார் நூலார்.

மனைவியின் முகம் மாறியது. மற்றவர்களுக்கு அது ஒரு சொல். அவளுக்குத்தான் தெரியும், அது அந்தக் கடையில் இதுவரை கிடைக்காத சரக்கு என்று.

"என்ன சொன்னீங்க?"

"ஓடாது. இறங்கு."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். சகலை ஒன்றும் புரியாமல் இறங்கிவந்தான். நூலார் மழையில் குனிந்து பின்டயரைத் தொட்டுக்காட்டி, ஈரத்தில் வால் ஏன் நிற்காது என்று நாலு வார்த்தையில் சொன்னார். சகலை பின்டயரைப் பார்த்தான், முன்டயரைப் பார்த்தான், பாலத்தின் பக்கம் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததை நூலார் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட காட்சி. ரசிக்க முடியவில்லை.

அத்தோடு போயிருந்தால்கூடக் கௌரவமாக முடிந்திருக்கும். ஆனால் சகலை நல்லவன். நல்லவர்களால் வருகிற தொல்லைக்கு அளவே கிடையாது. அவன் நூலாரின் தோளில் கையைப் போட்டு, மாமனாரைப் பார்த்துச் சொன்னான்:

"விடுங்க மாமா, அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. தெரியாம நடந்துபோச்சு. இந்த மாதிரி வண்டியெல்லாம் அவர் கடைக்கு வர்றதில்ல. அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!"

நூலார் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"என்னது? எனக்குத் தெரியாதா?"

"இல்லண்ணே, நான் என்ன சொல்றேன்னா..."

"டயரைப் பத்தி எனக்கா தெரியாது? நீ வண்டியை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டா! இந்தக் கெட்டி ரப்பர் எந்த வாரம் செஞ்சதுன்னு தெரியும்! எந்த வளைவுல, எந்த வேகத்துல வால் கிளம்பும்னு தெரியும்! அத்தனையும் தெரிஞ்சுதான் போட்டேன்!"



"தெரிஞ்சா?" என்றான் சகலை. "தெரிஞ்சு எதுக்குண்ணே போட்டீங்க?"

"பொறாமையில போட்டேன்! போதுமா? பொறாமைக்காரன்னு சொல்லு, வயித்தெரிச்சல் பிடிச்சவன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். தொழில் தெரியாதவன்னு மட்டும் எவனும் சொல்லக் கூடாது!"

இப்படியாக, தொழிலின் மானத்தைக் காப்பாற்ற அவர் மற்ற எல்லா மானத்தையும் நடுமழையில் அள்ளி வீசினார். பிறகு, ஆரம்பித்தது ஆரம்பித்ததுதான் என்று, புதன்கிழமை விழுங்கிய பிரசங்கத்தையும் முழுசாகச் சொல்லி முடித்தார். பத்து நிமிஷம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. ஒருவரும் உள்ளே போகவில்லை.

மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப, நான் போனப்ப?"

"நீங்க போனப்ப ரோடு காஞ்சிருந்துச்சு மாமா."

"அதனால சும்மா இருந்துட்டீங்க?"

நூலார் குனிந்து, அவசியமே இல்லாமல் முன்டயரை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

மனைவி ஸ்கார்ஃபை அவிழ்த்து மடித்துக்கொண்டு, போய் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தாள். "வண்டியை எடுங்க," என்றாள்.  அடுத்த மூன்று நாள், காலையில் "கோபமா?" என்று கேட்டாலும், இரவில் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது: "ஓடும்."

சகலை மறுநாள் காலையே மன்னித்துவிட்டான். அதில்தான் நூலாருக்கு மிகப் பெரிய வருத்தம். ஒரு வாரமாவது முறைத்துக்கொண்டு திரிந்திருந்தால், 'பாத்தியா, இவனும் நம்மள மாதிரிதான்' என்று தலைநிமிர்ந்திருக்கலாம். மன்னிப்பதிலும் முந்திக்கொண்டானே பாவி!

சரியான பின்டயர்கள் வந்து சேர மூன்று வாரம். அதுவரை காரை வெளியே எடுக்கக் கூடாது என்று நூலாரே உத்தரவு போட்டதால், அது அவர் கடையிலேயே நின்றது. நாள் முழுக்க அவர் கண்ணெதிரே. காற்றடிக்க வந்தவர்களெல்லாம் அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஜாக்கி காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்தார். நூலாரின் வேனை அவர் துடைத்ததாக ஞாபகமே இல்லை. சகலை தன் கூடத்தை அடைத்துவிட்டுச் சாயங்காலம் தோறும் வண்டியைப் பார்க்க வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். போதாததற்கு அவன் நடந்த கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "பொறாமையில தப்பு பண்ணாரு, சரி. ஒத்துக்கிட்டாரு பாருங்க! எத்தனை பேருக்கு அந்த தைரியம் வரும்? டயர்னா அவர்கிட்டதான் போகணும்." அவன் சொல்லி இரண்டு பல் டாக்டர்கள் வந்தார்கள். இருபத்திரண்டு வருடம் உழைத்துச் சம்பாதிக்க முடியாத நல்ல பெயரை, சகலை மூன்று வாரத்தில் வாயாலேயே சம்பாதித்துக் கையில் கொடுத்தான். வாங்கிக்கொள்ளாமலும் இருக்க முடியவில்லை, வாங்கிக்கொண்டால் எரிந்தது.

டயர்கள் வந்தன. நூலார் மாட்டினார், நூல் கட்டினார். பக்கத்தில் நின்றிருந்த சகலை சாவியை நீட்டினான். "அக்காவைக் கூட்டிட்டு நீங்களே ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே. மழை வேற பெஞ்சிருக்கு, நல்லா டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

வேண்டாம் என்று சொல்ல நூலார் வாயைத் திறந்தார். ஆனால் அன்றைக்குக் கடைக்குக் கூடவே வந்திருந்த மனைவி வேனிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையில் ஸ்கார்ஃப்.

பாலத்தின் வட்டப் பாதை பளபளவென்று நனைந்திருந்தது. நாலு சக்கரமும் ஒரே மனசாக அதைப் பிடித்துக்கொண்டு ஏறின. வால் ஒரு நூல்கூட நகரவில்லை. மேலே வந்ததும் மனைவி ஒரு சிறுமியைப்போலச் சிரித்தாள்; மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. நூலாரும் ஒன்றை உள்ளூர ஒப்புக்கொண்டார்: நிஜமாகவே பொறாமைப்படத் தகுந்த வண்டிதான். இத்தனை நாள் வீணாகப் படவில்லை என்பதில் ஒரு திருப்தி.

அந்தத் திருப்தியோடு கடைக்குத் திரும்பினார். உள்ளே பள்ளிக்கூட வேன் ஓட்டும் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஒரு கம்பெனி, முன்னால் ஒரு கம்பெனி என்று கலந்து ஓட்டுவதில் பழந்தின்று கொட்டை போட்டவர். ஐந்து வருடமாக நூலாரின் பிரசங்கத்தைக் கேட்டுக் கொட்டாவி விட்டுவிட்டுப் போகிறவர். அவர் எதிரில் சகலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"கீழ்ப்பல் செட்டு புதுசு, மேல பழைய தேஞ்ச பல்லுன்னு வச்சுக்கங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு முறுக்கைக் கடிச்சா என்ன ஆகும்? மேல வழுக்கும், கீழ பிடிக்கும், முறுக்கு ஒரு பக்கம் தெறிக்கும். உங்க வேனுல தெறிக்கப் போறது முறுக்கு இல்லண்ணே, பிள்ளைங்க."

டிரைவர் கொட்டாவி விடவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஜாக்கியும் டீ வாங்கப் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நூலார் சாவியோடு வாசலிலேயே நின்றார். எங்காவது ஒரு பிழை வரும், பிடித்துக்கொள்ளலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். சகலை மழையைச் சொன்னான், வளைவைச் சொன்னான், நல்ல ஜோடி ஏன் பின்னால் போக வேண்டும் என்பதைச் சொன்னான். இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டான். ஒரு பிழையும் இல்லை.

"இத்தனை வருஷமா இங்க வர்றேன்," என்றார் டிரைவர், பெருமூச்சு விட்டு. "இப்படிப் புரியிற மாதிரி ஒருத்தரும் சொன்னதில்ல சார். நாலையும் மாத்திடுங்க."

சகலை திரும்பி, வாசலில் நின்றவரைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

"அண்ணே, பரண்ல இருந்து வேன் டயர் நாலு எடுங்க, ஒரே கம்பெனியில!"

நூலார் சாவியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, ஏணியை எடுத்துச் சார்த்தினார்.